விமானம் இறங்கிய பிறகு...

கூடத்தின் நடுவே இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. ஒரு பக்கம் புத்தகங்கள், இன்னொரு பக்கம் கம்பளிச் சட்டைகள், நடுவே பருப்புப் பொடி டப்பா. அப்பா கையில் கொக்கித் தராசுடன் நிற்கிறார். "23 கிலோவுக்கு மேல் ஒரு குண்டுமணி ஏறக் கூடாது!" என்று உத்தரவு போடுகிறார். அவர் அந்தண்டை திரும்பியதும் அம்மா ஒரு பொட்டலத்தைக் கம்பளிச் சட்டையின் கைக்குள் சொருகுகிறாள். செப்டம்பர் மாதம் வந்தால் நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் இந்தக் காட்சி நடக்கிறது. உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். அல்லது வருகிற வருஷம் நடக்கப்போகிறது.

இதற்கு முன்னால் எல்லாவற்றையும் விசாரித்தாகிவிட்டது. சம்பளம் எவ்வளவு, பாங்கிக் கடனுக்கு வட்டி என்ன, குளிர் எப்படி, சைவச் சாப்பாடு கிடைக்குமா, எல்லாம் தெரியும். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரிதான் அம்மாவுக்கு அந்தக் கேள்வி தோன்றும்:

"ஏண்டி, விமானம் இறங்கினப்புறம் காலேஜுக்கு எப்படிப் போவே?"

"செல்போனிலே மேப் இருக்கும்மா!" என்று பதில் வரும். அதோடு சரி.

மேப் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் அந்த மேப்புக்குப் பெட்டி கனக்காது, தூக்கம் வராது, பசி எடுக்காது. விமான நிலையத்துக்கும் விடுதி அறைக்கும் நடுவே உள்ள அந்த ஐந்தாறு மணி நேரம் இருக்கிறதே, பிரயாணம் முழுவதிலும் குழந்தைகள் உண்மையிலேயே தனியாக இருப்பது அப்போதுதான். ஆகவே ஒரே ஒரு வழியை எடுத்துக்கொண்டு, அதைக் கடைசி வரை நடந்து பார்த்துவிடலாம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து கேம்பிரிட்ஜ் வரை. வாருங்கள்.

சென்னையிலிருந்து நேரே போகும் விமானம் பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து ஹீத்ரோவில் இறங்குகிறது. அங்கே 2, 3, 4, 5 என்று நான்கு டெர்மினல்கள். ஒன்றாம் நம்பர் எங்கே என்று தேட வேண்டாம். 2015ல் அதை மூடிவிட்டார்கள். எதில் இறங்கினாலும் முதலில் நீண்ட நடை. அப்புறம் குடியேற்ற அதிகாரிகளின் வரிசை. பக்கத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டினால் தானே திறந்துகொள்ளும் கதவுகள் இருக்கும். அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் அதில் விர்ரென்று போய்விடுவார்கள். நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கதவு திறக்காது. வரிசையில்தான் நிற்க வேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஆகவே வெளியே போவதற்கான பஸ்ஸையோ ரயிலையோ விமானம் இறங்கி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு இருக்கும்படி பதிவு செய்வது நல்லது.

இந்த இடத்தில் அம்மாமார்களுக்கு ஒரு கலக்கம் உண்டு. "பாஸ்போர்ட்டில் விசாவே ஒட்டவில்லையே!" என்பார்கள். பயப்பட வேண்டாம். 2025 ஜூலை 15ம் தேதி முதல் பெரும்பாலான மாணவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் விசாச் சீட்டு ஒட்டும் வழக்கத்தை பிரிட்டிஷ் சர்க்கார் விட்டுவிட்டது. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிய விசாதான். பாஸ்போர்ட்டோடு அது இணைக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் விசா கிடைத்த கடிதம், பல்கலைக் கழகம் அனுப்பிய சேர்க்கைப் பத்திரம், மார்பில் எக்ஸ்ரே எடுத்து வாங்கிய காசநோய்ச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்துக் கைப்பையில் வைத்துவிடுங்கள். பெட்டிக்குள் அல்ல, கைப்பையில்! பெட்டி அந்த அதிகாரியைத் தாண்டிய பிறகுதான் கைக்கு வரும். ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிற இந்திய மாணவர்களிடம் அந்தச் சான்றிதழை அதிகாரி கேட்கக் கூடும்.

பெட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. கம்பளிச் சட்டையின் கைக்குள் சொருகினீர்களே, அந்தப் பொட்டலம் என்ன? பருப்புப் பொடியும் மிளகாய்ப் பொடியும் என்றால் பரவாயில்லை. நெய்யோ பால்கோவாவோ என்றால் எடுத்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து பாலும் பாலில் செய்த பண்டங்களும், மாமிசமும், பிரயாணிகள் எடுத்துவர அந்த நாட்டில் அனுமதி இல்லை. சுங்க வாசலில் முதல் நாளே உங்கள் பெண் தலை குனிந்து நிற்பானேன்?

சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்தால், "டாக்ஸி வேண்டுமா?" என்று மெல்லிய குரலில் ஓர் ஆசாமி கேட்பான். நல்ல சட்டை, நல்ல பேச்சு. அவனுக்குப் பதிலே சொல்லக் கூடாது. லண்டனில் முறையான டாக்ஸிக்காரர்கள் உள்ளே வந்து ஆள் பிடிப்பதில்லை. கறுப்பு டாக்ஸிகள் அதற்கான வரிசையில் நிற்கும். மற்றவை முன்கூட்டியே பதிவு செய்தால்தான் வரும். கேம்பிரிட்ஜ் நூறு கிலோமீட்டருக்கு மேல். டாக்ஸியில் போனால் நூறு பவுனுக்கும் மேலே ஆகும். நாலு பேராகச் சேர்ந்து போனாலொழிய அது நமக்குக் கட்டாது.

பின் என்னதான் வழி? மூன்று உண்டு.

முதலாவது, தூரப் பிரயாண பஸ். அதை அங்கே கோச் என்கிறார்கள். இரண்டாம் மூன்றாம் டெர்மினல்களுக்கு நடுவேயுள்ள பஸ் நிலையத்திலிருந்து நேஷனல் எக்ஸ்பிரஸ் கம்பெனியின் வண்டி நேரே கேம்பிரிட்ஜுக்குப் போகிறது. பெட்டிகளை வண்டியின் வயிற்றுக்குள் போட்டுவிடுவார்கள். எங்கும் மாற வேண்டியதில்லை. லண்டனுக்குள் நுழையாமல் நகரைச் சுற்றிச் செல்லும் பெருஞ்சாலையில் போய், வடக்கே திரும்பி, இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும். லண்டன் பெண்கள் இதைக் கேட்டால், "ஐயோ, அவ்வளவு நேரமா!" என்பார்கள். அவர்கள் கையில் இரண்டு பெட்டி இல்லை. பகலில் இறங்குகிற, முதல் முறையாகப் போகிற பெண்ணுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, எலிசபெத் லைன் என்னும் புது ரயில். 2022 மே மாதம் திறந்தது. ஹீத்ரோவில் ஏறி, ஃபாரிங்டன் என்ற ஸ்டேஷனில் இறங்கி, அங்கேயே தேம்ஸ்லிங்க் ரயிலில் மாறினால் கேம்பிரிட்ஜ். ஒரே ஒரு மாற்றம், லிஃப்டும் உண்டு. வழியில் சவுத்தால் ஸ்டேஷனில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தோடு பஞ்சாபி எழுத்திலும் எழுதியிருக்கும், ஜன்னல் வழியே பாருங்கள். எழுத்து நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, ஏதோ சொந்தக்காரர் கையசைத்த மாதிரி இருக்கும்!

மூன்றாவது, மலிவான வழி. பிக்காடிலி லைன் என்னும் பாதாள ரயில். எலிசபெத் லைனைவிட இதற்குக் கட்டணம் குறைவு. ஹீத்ரோவிலிருந்து கிங்ஸ் கிராஸ் வரை மாறாமல் போகலாம். ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே மேலே வந்து பெரிய ரயில் ஏற வேண்டும். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்று இன்னொன்று பதினைந்து நிமிஷத்தில் பாடிங்டனில் கொண்டு விடும். அதை வியாபாரிகளுக்கு விட்டுவிடுவோம். பாடிங்டனில் நமக்கு ஒரு வேலையும் இல்லை.

எந்த வழியானாலும் ஒன்றை மனத்தில் வையுங்கள். எழும்பூரில் சிவப்புச் சட்டைப் போர்ட்டர் ஓடி வருவது போல அங்கே யாரும் ஓடி வர மாட்டார்கள். விமான நிலையத்துக்குள் தள்ளுவண்டி இலவசமாகக் கிடைக்கும். அதைத் தாண்டினால் உன் பெட்டி உன் பாடு! ஆகவே தராசில் நிறுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு பெட்டிகளையும் அவள் ஒருத்தியாகவே தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி இறங்கட்டும். முடியவில்லை என்றால் புத்தகங்களைக் குறையுங்கள். புத்தகம் அந்த ஊரில் கிடைக்காத பொருளல்ல.

பிக்காடிலி லைனில் ஏறினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதாள ரயில் என்று பெயரே தவிர, முதல் அரை மணி நேரம் பெரும்பாலும் தரைக்கு மேலேதான். வீடுகளின் கொல்லைப் புறங்களையும், கொடியில் உலரும் துணிகளையும் பார்த்துக்கொண்டே போகலாம். லண்டன் மாநகரம் முதன் முதலில் காட்டுவது அரண்மனை அல்ல, கொல்லைப்புறம்! அப்புறம் ரயில் பூமிக்குள் நுழைகிறது. சவுத் கென்சிங்டன் என்ற ஸ்டேஷன் வரும். அங்கே கொஞ்சம் மனத்தை நிறுத்துங்கள். உங்கள் தலைக்கு மேலே, சற்று தூரத்தில், கிராம்வெல் ரோடு என்று ஒரு தெரு. அதில் 21ம் நம்பர் வீட்டில், 1914 ஏப்ரல் மாதம், நம் கும்பகோணம் ராமானுஜன் நாலு நாள் தங்கியிருந்தார்.

அவர் பிரயாணத்தை நினைத்துப் பாருங்கள். 1914 மார்ச் 17ம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14ம் தேதிதான் லண்டன். புறப்படுமுன் குடுமியை எடுத்தாயிற்று; கோட்டு, பூட்ஸ் எல்லாம் புதுசு. அந்தக் கோலத்தில் தம்மைப் பார்க்க வேண்டாம் என்று தாயார் கோமளத்தம்மாளையும் மனைவி ஜானகியையும் முன்னதாகவே கும்பகோணத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார். கடல் கடந்து போக அந்தத் தாயார் முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு நாமகிரித் தாயாரே கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாகச் சொல்லி இசைந்தார். லண்டன் துறைமுகத்தில் அவரை அழைத்துப்போக நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணித ஆசிரியர் மோட்டார் காருடன் வந்து நின்றார். கிராம்வெல் ரோடு வீடு, புதிதாக வந்து இறங்கும் இந்திய மாணவர்கள் தங்குவதற்காகவே ஏற்பட்டது. நாலு நாள் கழித்து அங்கிருந்து கேம்பிரிட்ஜ். ஆரம்பத்தில் நெவில் தம்பதியின் வீட்டிலேயே இருந்தார்.

வந்து நின்று அழைத்துப்போக ஓர் ஆள், முதல் சில நாள் தங்க ஒரு வீடு. உலகமே வியந்த மேதைக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. உங்கள் குழந்தை தனக்கு அது தேவையில்லை என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த ஊரில் நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. மேல் வகுப்பு மாணவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டி இரண்டு வரி எழுதினால் ஸ்டேஷனுக்கு வர ஒருவராவது கிடைப்பார்.

வண்டி நிற்கும்போதெல்லாம், "இடைவெளியைப் பார்த்து இறங்குங்கள்" என்று ஒரு குரல் எச்சரிக்கும். லண்டன் பாதாள ரயிலில் அந்த எச்சரிக்கை பிரசித்தம். அதைப் பற்றி ஓர் உண்மைச் சம்பவம். எம்பாங்க்மென்ட் என்ற ஸ்டேஷனில் அந்த எச்சரிக்கையைச் சொல்லிவந்தது ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் பதிவு செய்த குரல். அவர் 2007ல் காலமானார். அவருடைய மனைவி அந்த ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்து, கணவரின் குரலைக் கேட்டுவிட்டு வருவது வழக்கம். 2012 கடைசியில் புது இயந்திரம் வைத்தார்கள்; குரல் நின்றுபோயிற்று. அந்த அம்மாள் போய்க் கேட்டார். ரயில்வேக்காரர்கள் பழைய பதிவைத் தேடி எடுத்து அவருக்கு ஒரு பிரதி கொடுத்ததோடு, 2013ல் அதே பிளாட்பாரத்தில் மறுபடியும் ஒலிக்கச் செய்தார்கள். இந்த மாதிரி மனிதர்களும் உள்ள ஊர்தான் அது. டாக்ஸி ஆசாமியைச் சொல்லிப் பயமுறுத்திவிட்டேனே, அதற்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

கிங்ஸ் கிராஸ். ஜனக் கூட்டம் என்றால் கூட்டம்! அதில் பாதிப் பேர் எங்கோ ஒரு சுவரின் முன்னால் வரிசையாக நிற்பார்கள். ஹாரி பாட்டர் கதையில் வரும் ஒன்பதே முக்காலாம் பிளாட்பாரம் அது. சுவருக்குள் பாதி நுழைந்த தள்ளுவண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் பையனும் நிற்க ஆசைப்படுவான். இன்னொரு நாள் வரட்டும். இப்போது அவன் பார்க்க வேண்டியது தலைக்கு மேலே உள்ள அறிவிப்புப் பலகையை. கேம்பிரிட்ஜ் வண்டி எந்த பிளாட்பாரம் என்பதை, புறப்படுவதற்குச் சற்று முன்னால்தான் போடுவார்கள். போட்டதும் எல்லாரும் ஓட்டம் பிடிப்பார்கள். வேக வண்டி ஐம்பது நிமிஷம். ஊர் ஊராய் நின்று போகும் வண்டியில் ஏறிவிட்டால் வெகு நேரம். மாணவர்களுக்கான ரயில் கார்டு ஒன்று உண்டு. அதை முன்பே செல்போனில் வாங்கி வைத்துக்கொண்டால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மாலை நான் போன வண்டியில் எதிரே ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பெட்டியில் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. நம் ஊர் அம்மாவின் கைவேலை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது! திருச்சிப் பெண். எம்.ஃபில். படிக்க வந்திருக்கிறாள்.

"அக்கா, இந்த வண்டி கேம்பிரிட்ஜ்தானே போகும்?" என்று கேட்டாள். மூன்று பேரிடம் கேட்டுவிட்டு நாலாவதாக என்னிடம் கேட்கிறாள் என்று அப்புறம் தெரிந்தது.

"போகும். எந்தக் கல்லூரி?"

"கர்ட்டன். ஸ்டேஷனிலிருந்து நடந்து போயிடலாம் இல்லையா?"

நான் சிரிக்கவில்லை. கர்ட்டன் கல்லூரி ஊருக்கு நடுவிலிருந்தே நாலு கிலோமீட்டர். ஸ்டேஷன் ஊரின் மறு கோடி. இரண்டு பெட்டியோடு நடந்தால் நடு ராத்திரிதான். டாக்ஸி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் செல்போனில் உயிர் மூன்று சதவீதம்தான் பாக்கி. மின்கலம் ஏற்றும் கம்பி பெரிய பெட்டியின் அடியில்! அம்மாவிடம் பேசி ஐந்து மணி நேரம் ஆகிவிட்டதாம். "திருச்சியிலே இப்போ மணி பன்னிரண்டரை இருக்கும். தூங்கியிருக்க மாட்டா" என்றாள். என் செல்போனைக் கொடுத்தேன். "ரயில் ஏறிட்டேம்மா, சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சாப்பிட்டிருக்கவில்லை. என்னிடம் இருந்த ரொட்டியைப் பாதி பாதியாகத் தின்றோம்.

ஹீத்ரோவில் இலவசமாகவே இணைய வசதி உண்டு. வரிசையில் நிற்கும்போதே ஒரு வார்த்தை அனுப்பச் சொல்லுங்கள். ரயில் ஏறியதும் ஒன்று, அறைக்குப் போனதும் ஒன்று. மூன்று செய்திக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். நடுவில் நீங்கள் பத்து தடவை கூப்பிட்டால் செல்போனின் உயிர்தான் போகும்.

வண்டி ஹிட்சின் என்ற ஊரைக் கடந்தது. வேக வண்டி; ஊர்ப் பெயரைப் படிப்பதற்குள் போய்விடும். ஆனால் கர்ட்டனுக்குப் போகிற பெண் அந்த ஊரைப் பார்க்காமல் போகலாமா? எமிலி டேவிஸ் என்ற அம்மையார் பெண்களுக்கென்று கல்லூரி ஆரம்பித்தது 1869ல் இந்த ஹிட்சினில்தான். ஒரு வாடகை வீடு, ஐந்தே மாணவிகள். கேம்பிரிட்ஜுக்குள்ளேயே பெண்களை வைத்துப் படிப்பிக்க அன்று துணிச்சல் போதவில்லை. ஆகவே ஆசிரியர்கள்தான் கேம்பிரிட்ஜிலிருந்து ரயிலேறி ஹிட்சினுக்கு வந்து பாடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். 1873ல் கல்லூரி கர்ட்டன் கிராமத்துக்கு வந்தது. அப்போதும் ஊரை விட்டுத் தள்ளியே. இன்றைய மாணவி டாக்ஸிக்குக் கூடுதலாக அழ வேண்டியிருப்பது அதனால்தான்! பரீட்சையில் ஆண்களுக்குச் சமமாகத் தேறினாலும் பட்டம் கொடுக்க மாட்டோம் என்றது பல்கலைக் கழகம். 1897ல் அது பற்றி ஓட்டெடுப்பு நடந்தபோது, சைக்கிள் விடும் பெண் பொம்மை ஒன்றை நடுத் தெருவில் தொங்கவிட்டுக் கேலி செய்தார்கள் மாணவர்கள். கடைசியில் முழுப் பட்டம் கிடைத்தது எப்போது தெரியுமா? 1948ல்!

இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். பாவம், சென்னை நேரப்படி பின்னிரவு அல்லவா?

கேம்பிரிட்ஜ் ஸ்டேஷன் 1845ல் திறந்தது. இங்கிலாந்தின் மிக நீளமான பிளாட்பாரங்களில் ஒன்று இங்கே இருக்கிறது; பெட்டியோடு இறங்குபவர்களுக்கு அது பெருமையாகத் தோன்றாது. ஊரின் மையத்துக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி இதைக் கட்டியதற்குக் காரணம், ரயில் வந்தால் பிள்ளைகள் லண்டனுக்கு ஓடிக் கெட்டுப்போவார்கள் என்று பல்கலைக் கழகத்தார் பயந்ததுதான் என்று ஊரில் சொல்வார்கள். பயந்தது நிஜம். ரயில் பாதைக்கான சட்டத்திலேயே, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணி வரை அங்கே பிரயாணிகளை ஏற்றினாலோ இறக்கினாலோ கம்பெனிக்கு 5 பவுன் அபராதம் என்று எழுதி வாங்கிவிட்டார்கள். டிக்கெட் வாங்கிய மாணவனையும் ஏற்றக் கூடாது என்று தடுக்கும் அதிகாரமும் பல்கலைக் கழகத்துக்கு இருந்தது. நம் ஊர் விடுதிக் காப்பாளர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்!

இந்த ஸ்டேஷனில் கடைசி ரயிலைத் தவறவிட்டதால் நன்மை அடைந்தவரும் உண்டு. 1913ல் கல்கத்தாவிலிருந்து லண்டன் சர்வகலாசாலையில் சேருவதற்காக மஹலனோபிஸ் என்ற இளைஞர் வந்தார். கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போனவர், கிங்ஸ் கல்லூரியின் பெரிய தேவாலயத்தைப் பார்த்து மயங்கி நின்றார். லண்டனுக்குப் போகும் கடைசி ரயில் போய்விட்டது. சிநேகிதர் வீட்டில் ராத் தங்கினார். மறுநாளே அதே கல்லூரியில் சேர ஏற்பாடு செய்துகொண்டுவிட்டார்! பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஸ்தாபித்த பேராசிரியர் மஹலனோபிஸ் அவர்தான். அதற்காக உங்கள் பிள்ளை கடைசி ரயிலைத் தவறவிட்டால் அதே அதிர்ஷ்டம் என்று எண்ண வேண்டாம். முடிந்தால் பகலிலேயே போய்ச் சேரும்படி விமானம் பாருங்கள்.

ஸ்டேஷன் வாசலில் டாக்ஸி வரிசையும் பஸ்ஸும் உண்டு. "யூனிவர்சிட்டிக்குப் போக வேண்டும்" என்று சொன்னால் டாக்ஸிக்காரர் புன்சிரிப்புச் சிரிப்பார். ஏனென்றால் அப்படி ஓர் இடம் கிடையாது. ஒரு மதில், ஒரு வாசல், பெயர்ப் பலகை என்று நம் அண்ணாமலை நகர் மாதிரி எண்ணிப் போனால் ஏமாற்றம்தான். 31 கல்லூரிகள் ஊர் முழுவதும் இறைந்து கிடக்கின்றன. பாடம் நடக்கும் கட்டடங்கள் வேறு, நூலகம் வேறு. கடைத் தெருவும் கல்லூரியும் கலந்தே இருக்கும். மாணவருக்குத் தெரிய வேண்டியது தம் கல்லூரியின் பெயர், தபால் நம்பர், அந்தக் கல்லூரிக்குள் எந்த இடத்தில் அறை என்பது. சில கல்லூரிகளில் மேல் படிப்பு மாணவர்களுக்கு அறை வேறு தெருவில் இருக்கும். இந்த விலாசத்தைச் செல்போனில் மட்டும் அல்ல, ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும்.

கல்லூரி வாசலில் ஓர் அறை. அதில் இருப்பவருக்குப் பெயர் போர்ட்டர். எழும்பூர்ப் போர்ட்டர் என்று எண்ணிப் பெட்டியை அவரிடம் நீட்டிவிடப் போகிறீர்கள்! பெரிய மனிதர் அவர். கோட்டும் கழுத்துப் பட்டையும், சில கல்லூரிகளில் விசேஷ நாட்களில் வட்டத் தொப்பியும் அணிந்திருப்பார். சாவி அவரிடம், தபால் அவரிடம், ராத்திரி தலைவலி என்றாலும் அவரிடம்தான் போக வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் இரவு முழுவதும் யாராவது ஒருவர் இருப்பார். ஆகவே விமானம் எவ்வளவு தாமதமானாலும் வாசலில் நிற்க நேரிடும் என்று கவலை வேண்டாம். கல்லூரிக்கு முன்கூட்டி, இத்தனை மணிக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

திருச்சிப் பெண்ணின் டாக்ஸியிலேயே நானும் போனேன். கர்ட்டன் வாசலில் போர்ட்டர் பட்டியலைப் பார்த்து, அவள் பெயரைக் கூடிய வரையில் சரியாகவே உச்சரித்து, சாவியைக் கொடுத்தார். "படுக்கை விரிப்பு உறை எல்லாம் முன்கூட்டி எழுதியிருந்தீர்களா?" என்று கேட்டார். அவள் எழுதியிருக்கவில்லை.

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பல கல்லூரிகளில் கட்டிலும் மெத்தையும் உண்டு. விரிப்பும் போர்வையும் தலையணையும் நாம்தான் கொண்டுவர வேண்டும், அல்லது முன்பணம் கட்டிச் சொல்லி வைக்க வேண்டும். முதல் ராத்திரி கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் குளிர் மார்கழிக் குளிர் அல்ல. கைப்பெட்டியில் ஒரு விரிப்பும் ஒரு கம்பளியும் போடுங்கள். பருப்புப் பொடியில் ஒரு டப்பா குறைந்தாலும் பாதகமில்லை.

போர்வை இருந்தும் பிரயோசனமில்லாமல் போன கதையும் உண்டு. ராமானுஜன் டிரினிடி கல்லூரியில் அறை எடுத்துத் தங்கியிருந்த காலம். மஹலனோபிஸ் ஒரு நாள் பார்க்கப் போனார். "குளிரில் தூக்கமே இல்லை. ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன்" என்றாராம் ராமானுஜன். மஹலனோபிஸ் படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன. ஆனால் ஆங்கிலேயர் வழக்கப்படி மெத்தைக்கடியில் செருகி, மேலே உறையைப் போட்டு மூடியிருந்தது. அதன் உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த உறையின் மேலேயே படுத்திருக்கிறார் மனிதர்! மஹலனோபிஸ் கம்பளிகளைப் பிரித்துக் காட்டினார். எத்தனை ராத்திரி அப்படிக் கழிந்தனவோ. ஊருக்குக் கடிதம் போய்ச் சேர வாரக் கணக்காகும் காலம் அது. கும்பகோணத்தில் இருந்த தாயாருக்கு அது எப்படித் தெரியும்?

சந்திரசேகரின் தாயார் சீதாலக்ஷ்மி அம்மாளை நினைத்தால் இன்னும் மனம் கனக்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் தேறி, 1930ல் பம்பாயில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜுக்குப் போனார் பிள்ளை. அந்தக் கப்பலில்தான் நட்சத்திரங்களின் எடை பற்றிய கணக்கைப் போட்டார். 1983ல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. புறப்படும்போது தாயார் நோயாளி. பிள்ளை தயங்கினார், போய் வா என்று வற்புறுத்தியவர் அந்த அம்மாள்தான். 1931ல் அவர் காலமானபோது பிள்ளை கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அன்று ராத்திரி கர்ட்டனில் போர்ட்டர் என்ன செய்தார் என்றால், உள்ளே எங்கோ போய், யாரோ மாணவி விட்டுப்போன மடித்த கம்பளியும் ஒரு தலையணையும் கொண்டுவந்தார். நாளைக்குத் திருப்பித் தந்தால் போதும் என்றார். அறை மாடியில், லிஃப்ட் கிடையாது. ஒரு பெட்டி அவளிடம், ஒன்று என்னிடம். மாடிப்படி ஏறியதும் அவள் முதல் வேலையாகப் பெரிய பெட்டியைத் திறந்து கம்பியைத் தேடி எடுத்து, செல்போனைச் சுவரில் மாட்டினாள். மாட்ட முடியவில்லை. அந்த ஊர்ச் சுவரில் துளைகள் மூன்றும் சதுரம்; நம் ஊர் முளைகள் வட்டம்!

அதற்கு ஒரு மாற்றுக் கட்டை சென்னையிலேயே கடைகளில் கிடைக்கிறது. இரண்டாக வாங்கி, ஒன்றைக் கைப்பையில் போட்டு அனுப்புங்கள்.